கீறல் இல்லாத பதினான்கு வருடங்கள்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் வண்டி நிறுத்துகிற இடம் கொஞ்சம் சரிவாக இருக்கிறது, மேடம். பயப்படும்படியான சரிவு இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தால், போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் உருளும். ஆனாலும் சரிவு சரிவுதான். வரும்போது உங்கள் ஸ்கூட்டரைப் பார்த்தேன், சைடு ஸ்டாண்டில் நின்றது. ஸ்கூட்டருக்குக் கியர் கிடையாது என்பதால் பெரிய ஸ்டாண்டு போடுவதுதான் நல்லது. கியர் வண்டியாக இருந்தால் முதல் கியரில் போட்டு நிறுத்த வேண்டும். நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக அங்குலம் அங்குலமாக முன்னால் நகரும், சைடு ஸ்டாண்டு பின்பக்கம் மடங்கும், அப்புறம் தொபுக்கடீர்தான். இது என் வகுப்பின் முதல் பாடம், இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் ஸ்கூட்டரை நானே பெரிய ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

எழுத்தர் ஐயா அதையெல்லாம் எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை என்பது தெரிவதற்காகச் சொன்னேன். நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தேன். என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கும் வருகிறேன். காலையிலிருந்து மனசு இறகு மாதிரி இருக்கிறது. வழியில் எல்லா சிக்னலும் எனக்காகவே பச்சை காட்டின என்றால் நம்ப மாட்டீர்கள்.

என் தொழில் தெரியும் உங்களுக்கு. இருசக்கர வாகனப் பயிற்சிப் பள்ளியில் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறேன். குடியிருப்பில் என்னை ஹெல்மெட் மாமா என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். தெருமுனையில் பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட், கையுறை, இரவில் மின்னுகிற பட்டை போட்ட மேல்சட்டை, எல்லாம் போட்டுக்கொண்டுதான் போவேன். பால்காரர் ஒருநாள், "அண்ணே, நிலாவுக்கா போறீங்க?" என்று கேட்டார். சிரித்தேன். சிரிக்கிறவர்களின் மண்டையும் உடையக்கூடியதுதானே.

என் மாணவர்களுக்கு நானே கண்டுபிடித்த ஒரு அளவு உண்டு. முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும்? 'வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று நிதானமாக ஒரு தடவை சொல்லி முடிக்கிற அளவு வேண்டும். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது ஆரம்பி. சொல்லி முடிப்பதற்குள் நீயும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நீ ரொம்ப ஒட்டிப் போகிறாய். எட்டுப் பேர் வரிசையாகப் போகும்போது எட்டு ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் அந்த முணுமுணுப்பு கேட்கும். எனக்குப் புல்லரித்துப்போகும்.

என் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம். வாங்கிப் பதினான்கு வருடம் ஆகியும் ஒரு கீறல் கிடையாது. என் வீட்டுக்காரி அதை சக்களத்தி என்பாள். "ஏங்க, உங்க சின்ன வீட்டைத் தொடச்சு முடிச்சாச்சுன்னா இந்தப் பெரிய வீட்டுக்கும் கொஞ்சம் ஒட்டடை அடிங்க" என்பாள். நல்ல நகைச்சுவை உணர்ச்சி அவளுக்கு. இப்போது கொஞ்ச நாளாக என்னோடு பேசுவதில்லை.

அவள் தம்பி, அதாவது என் மச்சினன், அதே குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கிறான். நாங்கள் மூன்றாவது மாடி. அவனுக்கு வேலை பல்செட் செய்வது. கூடத்தில் பல்லில்லாத தாடைகளின் அச்சு வரிசையாக இருக்கும், அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பல் வைத்துக்கொண்டிருப்பான். வாரத்தில் நாலு நாள் காலையில், செய்த பல்லையெல்லாம் வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க இருக்கிற பல் மருத்துவர்களுக்குக் கொடுக்கப் போவான். பிள்ளை தங்கம். வாயைத் திறந்தால் சிரிப்புதான். ஆனால் வண்டி ஓட்டுவது இருக்கிறதே, கண்றாவி. தலைக்குப் போட வேண்டியதை முழங்கையில் மாட்டிக்கொள்வான். பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே ஊசியில் நூல் கோப்பது போல் நுழைவான். பின் பிரேக் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. எதற்கும் முன் பிரேக்தான், அதையும் கடைசி நொடியில்தான் பிடிப்பான்.

"மாப்ளே, ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடி" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

"மாமா, ரெண்டையும் பிடிச்சா வண்டி நின்னுடும், நான் போய்ச் சேர வேண்டாமா?" என்பான். வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும்தான்.

போன பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், முகம் முழுக்க மூடுகிற மாதிரி. இதை மட்டும் எழுத்தர் ஐயா கண்டிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். அன்று பள்ளியில் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பதினான்கு வருடம் ஒரே வண்டி, ஒரு விபத்தில்லை, ஒரு கீறலில்லை. முன்மாதிரி ஓட்டுநர் என்று பொன்னெழுத்தில் போட்டு, டேங்கில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். கைதட்டினார்கள், மேடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்றே நினைவில்லை. அதாவது பாதுகாப்பாகத்தான் வந்தேன், ஆனால் நினைவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியைக் கீழே என் வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். ஓட்டமும் நடையுமாக லிஃப்டுக்குப் போனேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. வாழ்த்துத்தானே சொல்லப் போகிறார்கள், இறங்கி வந்து வாங்கிக்கொள்வோம் என்று மேலே போய்விட்டேன்.

வீட்டுக்காரி சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "சக்களத்திக்குப் பட்டமளிப்பு விழாவா?" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு நாற்பது நிமிடம் இருக்கும், ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

வண்டி விழுந்து கிடந்தது.

இடதுபக்கமாக, தூணை உரசிக்கொண்டு, ஒரு கண்ணாடி நொறுங்கி, கிளட்ச் கம்பி வளைந்து, இண்டிகேட்டர் ஒற்றை ஒயரில் ஊசலாடிக்கொண்டு கிடந்தது. டேங்கில் ஒரு பள்ளம். ஸ்டிக்கரை எங்கே ஒட்ட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேனோ, சரியாக அந்த இடத்தில். அப்படியே மலைத்துப்போய் நின்றேன்.

ஆனால் நான் பதறவில்லை. நிறுத்தி வைத்த வண்டிக்குச் சேதம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் வகுப்பின் ஒன்பதாவது பாடம். முதலில் தொடாதே, படம் எடு. பிறகு சீட்டு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று தேடு. கௌரவமுள்ளவன் இடித்துவிட்டால் பெயரும் நம்பரும் எழுதி வைத்துவிட்டுத்தான் போவான். பிறகு பக்கத்தில் விசாரி. நான் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். விழுந்த கோலத்தில் பதினாறு படம் எடுத்தேன். சுண்ணாம்புக் கட்டியால் சக்கரத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினேன். கறுத்துப்போயிருந்த மனசுக்கு ஆறுதலாக மீட்டரில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதையும் படம் எடுத்தேன், பதினேழாவது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பிரதி எடுத்து உறையில் போட்டு வைத்தேன். இப்போது உங்கள் மேசையில் இருப்பது அதுதான்.

சீட்டு இல்லை. தரையில் உட்கார்ந்து எல்லா வண்டிக்கடியிலும் தேடிவிட்டேன். ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பக்கத்தில், வலதுபக்கம் நின்றது என் மச்சினன் வண்டி. கையை வைத்துப் பார்த்தேன், எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. என் வண்டி சாய்ந்தது இடதுபக்கம். வலதுபக்கத்திலிருந்து தள்ளினால்தான் இடதுபக்கம் சாயும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, மேடம்.

இருந்தாலும் நான் அவசரப்படவில்லை. தீர விசாரிக்காமல் ஒருவன் மேல் பழி போடுவது பாவம். கீழ்த்தளத்தில் தையல்கார அம்மா ஒருவர் இருக்கிறார், அவர் ஜன்னல் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கும். அவரிடம் போனேன்.

"யாரு தள்ளுனதுன்னு பாத்தீங்களா?"

"யாரும் தள்ளலண்ணே. நான் கூப்பிட்டேனே, நீங்கதான் திரும்பிப் பாக்காம லிஃப்ட்டுல..."

"யாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"யாரும் இல்லண்ணே" என்றார், ஊசியை வாயில் வைத்துக்கொண்டு.

யாரும் இல்லை என்கிறவர் யாரையோ காப்பாற்றுகிறார் என்றுதானே அர்த்தம். அந்த அம்மாவிடம்தான் மச்சினன் சட்டை தைத்துக்கொள்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் மேல் பாசம் இருக்கத்தானே செய்யும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

லிஃப்டுக்குள் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். 'என் வண்டியைச் சேதப்படுத்தியவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டால் போதும். மனப்பூர்வமாக மன்னிப்பேன்.' அடியில் யாரோ 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதி வைத்தார்கள். இன்னொருவர், 'வண்டி ஒப்புக்கொண்டாலும் செல்லுமா?' என்று எழுதியிருந்தார். எனக்கு அப்போது அது புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. குடியிருப்பில் விளையாட்டுப் பேர்வழிகள் ஜாஸ்தி.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். எங்கள் குடியிருப்பில் எல்லா வண்டிகளையும் ஞாயிறு காலை நான்தான் பரிசோதிப்பேன். வருடக்கணக்காக நடக்கிறது. கீழே ஒரு முக்காலி, ஸ்பேனர் பெட்டி, எண்ணெய்க் குப்பி. காற்று, சங்கிலி, விளக்கு, பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லோரும் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். "ஹெல்மெட் மாமா கை பட்டாச்சு, இனி கவலையில்ல" என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஒரு வாரத்துக்குப் பசிக்காது எனக்கு.

அந்த வார ஞாயிறு மச்சினன் சாவியோடு வந்தான். நான் முக்காலியில் உட்கார்ந்தபடி, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மாப்ளே, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லியே மாமா. ஏன், ஒரு மாதிரி இருக்கீங்க?"

"சும்மாதான்."

அவன் மேலே போனான். முன் பிரேக் கேபிளை இறுக்குகிற திருகு இருக்கிறதல்லவா, அதைக் கால் சுற்று தளர்த்தினேன். ஒரு காபிப் பொடிப் பாட்டிலின் மூடியைத் திறக்கிற அளவுகூட இல்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு சின்ன விஷயம். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கால் சுற்று லேசானது.

அடுத்த ஞாயிறும் கேட்டேன். "இல்லியே மாமா" என்றான். இன்னொரு கால் சுற்று.

ஒரு பொய்க்கு ஒரு கால் சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். நியாயமான கணக்கு. அவன் எந்த ஞாயிறு உண்மையைச் சொன்னாலும் மொத்தத்தையும் அங்கேயே திருப்பி முறுக்கிவிடுவதாக இருந்தேன். ஆக அந்த பிரேக் என் கையில் இல்லை, அவன் நாக்கில்தான் இருந்தது. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு ஓட்டையும் இல்லை.

எனக்கு அந்த வாரங்கள் எவ்வளவு உற்சாகமாகக் கழிந்தன என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தேன். காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே பல் தேய்த்தேன். வகுப்பில் இதுவரை சொல்லாத நகைச்சுவையெல்லாம் சொன்னேன். ஆனால் சாப்பாட்டு மேசையில் மட்டும் பேச்சு எப்படியோ வண்டியில் போய் நின்றுவிடும். யார் தள்ளியிருப்பார்கள், ஏன் சொல்லவில்லை, எப்படி மனசு வந்தது என்று பேசிக்கொண்டே இருப்பேன். வீட்டுக்காரி ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த வண்டி உங்கள விட்டாலும் நீங்க அத விட மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு அவனே ஒன்று சொன்னான். "மாமா, முன் பிரேக்கு கொஞ்சம் மெத்துமெத்துன்னு இருக்கு. பாத்துடுங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. "அது கெடக்கட்டும், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவன் என்னையே பார்த்தான். தலையைச் சொறிந்தான். "பிரேக்கத்தான் சொன்னேன் மாமா."

கால் சுற்று.

ஆறாவதும் அப்படியே. ஏழாவது ஞாயிறு அவன் படியிறங்கி வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. சாவியை நீட்டவில்லை. என் முன்னால் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, உங்க வண்டிய நான்தான் தள்ளிட்டேன். பயத்துல சொல்லல. மன்னிச்சுக்குங்க."

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன், மேடம். கால் தரையில் பாவவில்லை எனக்கு. எண்ணெய்க் கையோடு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன், இருபத்திரண்டு வருட வாத்தியார். "எப்படித் தள்ளினே, கைப்பிடி பட்டுச்சா, கால் பட்டுச்சா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்து, "ரெண்டும்தான் மாமா" என்றான். "எந்தப் பக்கமா?" என்றேன். "நீங்க சொல்ற பக்கமாத்தான்" என்றான். எல்லாம் என் கணிப்போடு அப்படியே பொருந்தி வந்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் வீட்டுக்காரி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையசைத்தேன், அவளும் அசைத்தாள். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு, லேசான மனசோடு, படியில் இரண்டிரண்டாகத் தாவி மேலே போனான்.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கையில் ஸ்பேனர். திருப்பி முறுக்கத்தான் குனிந்தேன்.

அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. மன்னிப்பது வேறு, பாடம் வேறு. என் மாணவன் ஒருவன் சிக்னலைத் தாண்டிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டால் மன்னிப்பேன், ஆனால் தேர்வில் தேர்ச்சி போட மாட்டேன். அறிவிப்பில் நான் மன்னிப்பேன் என்றுதான் எழுதியிருந்தேன், பிரேக்கை இறுக்கிவிடுவேன் என்று எழுதவில்லை. தவிர, அதுவரை அவன் மேல் சந்தேகம்தான் இருந்தது, இப்போது உறுதியாகிவிட்டது. சந்தேகத்துக்கே கால் சுற்று என்றால், உறுதிக்கு?

முழுச் சுற்று ஒன்று தளர்த்தினேன். மனசு நிறைந்துபோயிற்று. மேலே போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பல் கொடுக்கப் போகிற நாள். அவன் போகிற வழி எனக்கு மனப்பாடம், பத்து மணிக்குப் பெரிய நாற்சந்திக்கு வருவான். அன்றைய களப்பாடத்தை அந்த நாற்சந்தியிலேயே வைத்துக்கொண்டேன். எட்டு மாணவர்களையும் நடைபாதையில் வரிசையாக நிறுத்தினேன், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமாக, பாதுகாப்பான இடத்தில். நான் எதையும் எதிர்பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். லேசாக ஒரு முட்டு, ஒரு பதற்றம், ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான் என் கணக்கு. பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் கூட்டிப்போனேன்.

பத்து மணி மூன்று நிமிடத்துக்கு வந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், தலையில். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நேற்றைய சமாதானத்துக்காகப் போட்டிருக்கிறான். முன்னால் ஒரு தண்ணீர் லாரி. சிக்னல் மஞ்சளாகி, லாரி நின்றது. நான் மாணவர்களிடம், "இந்த வண்டியக் கவனிங்க, முன் பிரேக்க மட்டும் நம்புனா என்ன ஆகும்னு பாருங்க" என்றேன். லாரி நின்ற நொடியிலிருந்து மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டில் எனக்காக. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், உங்கள் ஆட்கள்தான் வந்தார்கள். பெட்டி உடைந்து இருபத்து மூன்று செட் பல்லும் ரோடு முழுக்கச் சிதறின. மேல்வரிசை ஒரு பக்கம், கீழ்வரிசை ஒரு பக்கம். அத்தனை பல்லும் வெயிலில் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர், "ஐயோ, ஒரே ஆளுக்கு இத்தனை பல்லா?" என்று கேட்டார். உங்கள் காவலர் ஒருவர் தொப்பியைக் கழற்றி அதில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, எதற்கு எது ஜோடி என்று தெரியாமல் விழித்தார். என் மாணவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்று சாட்சி சொல்கிறார்களாமே. இருக்கலாம். அது பதற்றத்தில் வருகிற சிரிப்பு, மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த ஹெல்மெட் இல்லாவிட்டால் அவன் இன்று இல்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரே சொன்னார். ஹெல்மெட்டின் முன்பக்கம் பிளந்து தாடை உடைந்தது, முன்பல் எல்லாம் போயிற்று, இடதுகால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் தலைக்கு ஒன்றுமில்லை. அவன் உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன், அதை யாரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்காம் நாள் பார்க்கப் போனேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. ஒரு சிலேட்டும் சுண்ணாம்பும் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கினான். சிலேட்டை இழுத்துக் கோணல்மாணலாக எழுதினான். 'பிரேக் பிடிக்கல மாமா. உங்க கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லுங்க.' அவ்வளவு நல்ல பிள்ளை. கட்டாயம் சொல்கிறேன் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

வெளியே நடைக்கூடத்தில் வீட்டுக்காரி நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் தள்ளலங்க. நான்தான் சொல்லச் சொன்னேன். ஏழு வாரமா நீங்க தூங்கல, சோறு எறங்கல. 'நீதான்னு சொல்லிடுடா தம்பி, உங்க மாமா மனசு ஆறிடும்'னு காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். 'சரிக்கா, அதுல என்ன போச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போனான்."

தம்பியைக் காப்பாற்ற ஒரு அக்கா சொல்லாத பொய் உலகத்தில் இல்லை, மேடம். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் இன்னும் போகாமல் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்துதான் பேச்சில்லை.

அன்று சாயங்காலமே உங்கள் வளாகத்துக்கு வந்தேன். சுக்குநூறாய்க் கிடந்த அவன் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு காகிதத்தில் 'சேதம் செய்தவர்' என்று தலைப்புப் போட்டு, என் பெயர், முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் தெளிவாக எழுதி, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஹேண்டிலில் கட்டினேன். என் வண்டிக்கு யாரும் வைக்காத சீட்டை நான் அவன் வண்டிக்கு வைத்தேன். கௌரவமுள்ளவன் செய்வது அதைத்தான். திரும்பிப் போகும்போது இவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் வண்டி ஓட்டியதில்லை.

ஆக, பிரேக்கைத் தளர்த்தியது நான்தான். ஆறு கால் சுற்றும், ஒரு முழுச் சுற்றும். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இதோ போட்டுவிட்டேன். இன்னும் ஏதோ கேட்க வேண்டும் என்கிறீர்கள்.

இது நான் எடுத்த படம்தான், பதினேழாவது. ஆமாம், வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் எடுத்தது, அதுவரை யாரும் தொடவில்லை. இந்தப் பச்சை விளக்கா? "நீங்கதான் வாத்தியார், இது எப்ப எரியும்னு சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் மேடம். வண்டி நியூட்ரலில் இருந்தால் எரியும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தால் எரியாது.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

தையல்கார அம்மா சொன்னதாக நீங்கள் வாசித்ததைக் கேட்டேன். நான் லிஃப்டுக்குப் போனபோது வண்டி தானாக மெல்ல முன்னால் நகர்ந்ததாம், ஸ்டாண்டு மடங்கிச் சாய்ந்ததாம், என்னைக் கூப்பிட்டாராம். மச்சினன் வண்டியை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே மேலே போய்விட்டானாம். கேட்டேன், எல்லாம் காதில் விழுந்தது.

இந்தப் படத்தை நான் இத்தனை நாள் சரியாகப் பார்க்காமல் விட்டேனே என்றுதான் வருத்தமாக இருக்கிறது. இப்போது பளிச்சென்று விளங்கிவிட்டது. பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் நான் நியூட்ரலில் விட்டதில்லை. ஆகவே என் வண்டியைத் தள்ளுவதற்கு முன்னால் அவன் கியரையும் எடுத்துவிட்டிருக்கிறான். அதை மட்டும் என்னிடம் மறைத்துவிட்டான், பாருங்கள்.

பரவாயில்லை. தாடைக் கம்பியை எடுத்ததும் நானே போய், கோபப்படாமல், ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்.